மிரர் டிஸ்க் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் சின்ன அலுவலகங்களுக்கு சர்வர் அமைத்துக் கொடுக்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். லோ யாட் பிளாசாவில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, லினக்ஸில் ரெய்டு 1 (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் மிரர்) போட்டு, "ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கு, கவலைப்படாதீங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே பிழைகள் அப்படியே திரும்பி வருவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஏற்கெனவே ஓடும் மிரரில் அதற்குப் போதாத சிறிய டிஸ்க்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பார்ப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதை மெஷினே ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடும்.

எச்சரிக்கை மெயிலைச் சோதிக்காமல் விடுவது

மிரரில் ஒரு டிஸ்க் விலகினால் சர்வர் நிற்காது. கோப்புகள் திறக்கும், பிரிண்டர் ஓடும், எல்லாம் வழக்கம்போலவே இருக்கும். ரெய்டு 1-இன் பலமே இதுதான், ஆபத்தும் இதுவேதான்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணக்கு அலுவலகம். கேபிள் தளர்ந்து ஒரு டிஸ்க் மிரரிலிருந்து விலகிவிட்டது. டிஸ்க்கில் கோளாறே இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து எழுதிய எதுவும் அதில் ஏறவில்லை. மாதக்கணக்கில் சர்வர் ஒற்றை டிஸ்க்கில் ஓடியது, யாருக்கும் தெரியாது. ஒரு மாலை இடிமழையில் மின்சாரம் போய்த் திரும்பியபோது, அதுவரை உழைத்த டிஸ்க் எழவில்லை. அங்கிருந்த ஒருவர் கேபிள்களை அழுத்திவிட்டு மறுபடி போட்டார். சர்வர் வந்துவிட்டது. எல்லாருக்கும் நிம்மதி.

வந்தது முன்பே விலகியிருந்த பழைய டிஸ்க். அதற்குள் இருந்ததும் பழைய கணக்கு. அது தெரியாமல் மறுநாள் காலை ஊழியர்கள் புது இன்வாய்ஸ் போட ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே வாடிக்கையாளர்களுக்குப் போய்விட்ட எண்களே வேறு பெயர்களுக்கு மறுபடியும் விழுந்தன. "அக்கா, போன மாசம் நான் போட்ட பில் எதையுமே காணோமே" என்று ஒரு பெண் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. செத்த டிஸ்க்கிலிருந்து டேட்டா எடுக்க ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவானது. அதிலும் எல்லாம் வரவில்லை. மிச்சத்தை அச்சிட்ட தாள்களைப் பார்த்து உட்கார்ந்து தட்டினார்கள்.

இன்றுவரை எனக்கு ஆறாதது இதுதான்: டிஸ்க் விலகிய அன்றே மெஷினுக்குத் தெரியும். மிரரின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில், டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு 'யு' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 'யு'வும் ஒரு கோடும் இருந்தன. எச்சரிக்கை மெயிலும் போயிருந்தது. போன இடம் அதே சர்வரின் ரூட் (நிர்வாகி) அஞ்சல்பெட்டி. அதை யாரும் திறந்ததே இல்லை.

ஆகவே எம்டிஏடிஎம் (லினக்ஸில் மிரரை நிர்வகிக்கும் கருவி) கான்ஃபிக் கோப்பில் 'மெயில் அட்ரஸ்' வரியில் உண்மையான முகவரி இருக்க வேண்டும். உங்களுக்கு மட்டும் போனால் போதாது, அலுவலகத்தில் ஒருவருக்கும் சேர்ந்து போகும் முகவரியாக இருக்கட்டும். முகவரி எழுதினால் மட்டும் மெயில் வெளியே போய்விடாது. வெளி மெயில் சேவை ஒன்றின் வழியாக அனுப்பும்படி சர்வரில் அமைக்க வேண்டும், பலரும் தவறவிடும் படி இது. பிறகு எம்டிஏடிஎம்-இன் மானிட்டர் கட்டளையை 'டெஸ்ட்', 'ஒன்ஷாட்', 'ஸ்கேன்' மூன்றும் சேர்த்து ஓட்டினால் ஒரு சோதனை மெயில் வரும். முதலாளியின் கைபேசியில் அது வந்து விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பணம் வாங்குங்கள்.

விலகிய டிஸ்க் திரும்பி வந்தால் அவசரப்பட வேண்டாம். 'எக்ஸாமின்' கட்டளை போட்டால் ஒவ்வொரு டிஸ்க்கின் 'ஈவென்ட்ஸ்' எண்ணும் (மிரரில் மாற்றம் நேரும்போது ஏறுவது) கடைசியாகப் புதுப்பித்த நேரமும் தெரியும். எண் குறைவாக இருப்பதுதான் பழையது. பார்க்காமல் மிரரை ஓட விட்டால், பழையதைப் புதியதன்மேல் நீங்களே எழுதிவிடக்கூடும்.

பூட்லோடரை ஒரே டிஸ்க்கில் வைப்பது

டேட்டா இரண்டிலும் இருக்கும், ஆனால் சர்வரை எழுப்பும் பூட்லோடரான கிரப் முதல் டிஸ்க்கில் மட்டும் இருக்கும். அந்த டிஸ்க் போனால் சர்வர் எழாது. பழைய பயோஸ் மெஷின் என்றால் இரண்டு டிஸ்க்கிலும் கிரப்பை நிறுவுங்கள். புதிய யுஇஎஃப்ஐ வகை என்றால், பூட் கோப்புகள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷன் பொதுவாக மிரருக்கு வெளியே இருக்கும். அதையும் இரண்டாவது டிஸ்க்கில் நகலெடுத்து, பூட் பட்டியலில் சேர்க்க வேண்டும். சரி, நடக்கிறதா என்று எப்படி அறிவது? முதல் ஒத்திசைவு (இரண்டு டிஸ்க்கும் ஒன்றுபோல ஆவது) முடிந்ததும் சர்வரை அணைத்து, முதல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். மெயிலும் வருகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். அந்த டிஸ்க்கைத் திரும்பச் சேர்த்து, ஒத்திசைவு முடியும்வரை காத்திருந்து, அடுத்ததற்கும் இதையே செய்யுங்கள்.

நல்ல டிஸ்க்கைக் கழற்றுவது

கெட்ட டிஸ்க்கைக் கழற்றும்போது, லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள். ரீபூட் செய்தால் மாறலாம். சீரியல் எண்ணைக் காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு டிஸ்க்கிலும் வெளியே தெரியும்படி முதல் நாளே ஒட்டுங்கள்.

மலிவு டிஸ்க்

எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுவது) வேண்டாம், ஒத்திசைவு இழுத்துக்கொண்டே போகும். 2020-இல், நாஸ் (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) டிஸ்க் என்று விற்ற டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்தது. மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டும் ஒரே பேட்ச் (ஒரே தயாரிப்புத் தொகுதி)

வேண்டாம்.

மிரரையே பேக்கப் என்று நினைப்பது

ஊழியர் அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றாக அழியும். பேக்கப் தனி.

மாதாந்திரச் சரிபார்ப்பை நிறுத்துவது

டெபியன் லினக்ஸில் மாதத்தின் முதல் ஞாயிறு இது ஓடும். இரண்டு டிஸ்க்கையும் முழுதாகப் படித்து ஒப்பிடுவதால் சர்வர் மந்தமாகும், உடனே யாராவது நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால், வருடக்கணக்கில் யாரும் தொடாத கோப்பின் கீழே கெட்டுப்போன செக்டர் யார் கண்ணிலும் படாமல் இருக்கும். ஒரு டிஸ்க் செத்து, மற்றதிலிருந்து புதியதை நிரப்பும் நேரத்தில்தான் அது வெளியே வரும். ஞாயிறு சர்வரை அணைத்துவைக்கும் அலுவலகம் என்றால், வேறொரு நாள் இரவுக்கு மாற்றிவிடுங்கள்.