பழைய லென்ஸ வேஸ்ட்னு விக்கிறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைல ஒரு பழைய லென்ஸ் சிக்குது, இல்லன்னா பீரோல அப்பாவோட எஸ்எல்ஆர் (உள்ள கண்ணாடி வச்ச பழைய கேமரா) லென்ஸ் கிடக்குது, ஆன்லைன்ல ஒரு அடாப்டர் (ஒரு கேமரா லென்ஸ இன்னொரு கேமரால பொருத்துற வளையம்) வாங்கி மிரர்லெஸ் கேமரால மாட்டுறாங்க, போட்டோ மங்கலா வருது, உடனே லென்ஸ் சரியில்லன்னு வித்துடுறாங்க. ரொம்ப வருத்தமா இருக்கு, ஏன்னா பெரும்பாலும் கோளாறு அடாப்டர்லயும் செட்டிங்லயும்தான்.

மாட்டினதும் ஷட்டரே விழலன்னு பயப்படாதீங்க. கேமராவோட மின்சார கனெக்‌ஷன் இல்லாத அடாப்டர்ல லென்ஸ் இருக்குறதே கேமராவுக்கு தெரியாது, மெனுல லென்ஸ் இல்லாமலே ஷட்டர் விழுற ஆப்ஷன ஆன் பண்ணா போதும்.

பெரிய தப்பு எங்கன்னா, லென்ஸோட போகஸ் வளையத்த கடைசி வரைக்கும் திருப்பிட்டு இன்ஃபினிட்டி (ரொம்ப தூரத்துல இருக்குறதுக்கான போகஸ்) வந்துடுச்சுன்னு நம்பி எடுக்குறது. ஒவ்வொரு மவுண்டுக்கும் (லென்ஸ் மாட்டுற வாய்) சென்சார் (படம் பதியுற தகடு) வரைக்கும் ஒரு தூரம் இருக்கு, நிக்கான் எஃப்னா 46.5 எம்எம், எம்42னா 45.46, கேனான் எஃப்டினா 42. மிரர்லெஸ்ல கண்ணாடி கிடையாது, அதனால சோனி இ மவுண்ட் வெறும் 18, நிக்கான் இசட் 16. எஃப்டி லென்ஸ சோனில போட்டா நடுவுல 24 எம்எம் இடம் காலி, அத நிரப்புறது மட்டும்தான் அடாப்டரோட வேலை, அதுக்குள்ள லென்ஸ் கிளாஸ் எதுவும் தேவையே இல்ல, கிளாஸ் வச்சது பெரும்பாலும் பழைய டிஎஸ்எல்ஆர்க்காக (கண்ணாடி வச்ச டிஜிட்டல் கேமரா) வந்தது, அத வாங்கி இருக்குற ஷார்ப்னஸ கெடுத்துக்காதீங்க. அந்த 24ல 0.1 எம்எம் கூடிப்போனா கூட 28 எம்எம் லென்ஸ் சுமார் 8 மீட்டருக்கு மேல போகஸே ஆகாது, அதே 135 எம்எம்ல 180 மீட்டர் வரைக்கும் தாங்கும், அதான் 28 மாதிரி வைட் லென்ஸ்லதான் பிரச்சனை பளிச்சுனு தெரியும். இதுக்கு பயந்து விலை கம்மி அடாப்டர் நிறைய கொஞ்சம் மெல்லிசாவே வருது, அப்போ வளையம் இன்ஃபினிட்டிய தாண்டி போயிடும். பட்டினப்பாக்கம் பீச்ல நின்னு மெரினா லைட்ஹவுஸ கேமரா திரைல ஜூம் பண்ணி பாருங்க, எங்க ஷார்ப்பா வருதோ அதான் உங்க இன்ஃபினிட்டி, லென்ஸ்ல போட்டிருக்குற குறிய நம்பாதீங்க.

அடுத்தது அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள்ள வெளிச்சம் போற துளை. எஃப்டி அடாப்டர்ல லாக், ஓப்பன்னு ஒரு வளையம் இருக்கும், அது ஓப்பன்ல இருந்தா நீங்க எஃப் 8னு துளைய சின்னதா வச்சாலும் உள்ள இருக்குற பிளேடு மூடாது. எம்42 லென்ஸ்ல ஏ, எம்னு சுவிட்ச் இருந்தா எம்ல (மேனுவல்) வைங்க. கேனான் இஎஃப், நிக்கான் ஜி லென்ஸ்ல அப்பர்ச்சர் வளையமே கிடையாது, வெறும் குழாய் மாதிரி அடாப்டர் வாங்கினா இஎஃப்ல அப்பர்ச்சர மாத்தவே முடியாது, ஜி வகைக்கு வளையம் வச்ச அடாப்டர் கேட்டு வாங்குங்க. துளை பெருசா திறந்த எஃப் 1.4ல பீக்கிங் கலர் (போகஸ் ஆன விளிம்ப திரைல கலர்ல காட்டுறது) வந்துடுச்சுன்னு கிளிக் பண்ணாதீங்க, எடுக்குற ஆளோட கண்ண திரைல ஜூம் பண்ணி பாத்துட்டு எடுங்க, மூக்குல போகஸ் நிக்கிறது அங்கதான் தெரியும்.

கேமரா பாடிலயே ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்த அடக்குற வசதி) இருக்குறவங்க போகல் லென்த்த (லென்ஸ்ல எழுதியிருக்குற எம்எம் நம்பர்) மெனுல கையால போடணும். 50னு லென்ஸ்ல எழுதியிருந்தா 50தான், ஏபிஎஸ்சி (சின்ன சைஸ்) சென்சார்னு கணக்கு போட்டு 75 போடாதீங்க. லென்ஸ் மாத்துறப்ப இந்த நம்பரையும் மாத்துங்க, 28ல இருக்குறத கழட்டிட்டு 135 மாட்டி அப்படியே எடுத்தா ஆட்டம் சரியா அடங்காது.

இதெல்லாம் சரி பண்ணிடலாம், நம்ம ஊர்ல உண்மையா லென்ஸ கொல்றது பங்கஸ், அதாவது பூஞ்சை. கடல் பக்கத்து ஈரம், ஐப்பசி கார்த்திகை மழை, அதுல பழைய தோல் உறைக்குள்ளயே லென்ஸ வச்சு பீரோல பூட்டினா நூல் நூலா படர ஆரம்பிச்சுடும், விட்டா லென்ஸ் கிளாஸ் மேல இருக்குற கோட்டிங்கையே அரிச்சுடும், அப்புறம் துடைச்சாலும் தழும்பு போகாது. உறைய தனியா வைங்க. காத்து புகாத டப்பா, சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், 40ல இருந்து 50 சதவீதத்துக்குள்ள இருக்கட்டும், ஜெல் கலர் மாறினா சூடு பண்ணி திரும்ப போடுங்க. வாங்கும்போதே அப்பர்ச்சர முழுசா திறந்து பின்னாடில இருந்து மொபைல் டார்ச் அடிச்சு பாருங்க, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

200 எம்எம்க்கு மேல கனமான லென்ஸ்னா கேமராவ மட்டும் புடிச்சு தூக்காதீங்க, மொத்த பாரமும் அடாப்டர் மேலயும் மவுண்ட் மேலயும் இறங்கும், இடது கை லென்ஸ் அடில இருக்கணும், ட்ரைபாட்ல போடுறதா இருந்தா கால் வச்ச அடாப்டரா பாத்து வாங்குங்க.