குறைபார்வையுள்ள சின்னப் பிள்ளையை அன்றாட வேலைகளிலேயே பார்க்கப் பழக்குவது எப்படி?

“கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாக வராது” என்று டொக்டர் சொல்லி அனுப்பிய பிறகு, தாய்தகப்பன் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “அப்ப நாங்கள் வீட்டில என்ன செய்யிறது ரீச்சர்?” வெள்ளவத்தையில் முன்பள்ளிப் பிள்ளைகளோடு இருக்கிற நான் சொல்வதும் எப்போதும் ஒன்றுதான். பார்வைப் பயிற்சி என்று தனி நேரம் ஒதுக்கிப் பிள்ளையை இருத்திவைத்துப் பாடம் நடத்த வேண்டாம். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை அது சாப்பிடுகிறது, குளிக்கிறது, உடுப்புப் போடுகிறது, செருப்புத் தேடுகிறது. இருக்கிற பார்வையைப் பாவிக்கப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. பிள்ளை பழக முன் வீட்டைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கீழே சொல்வதெல்லாம் கைக்குழந்தை முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு.

தொடங்க முன்

கண் டொக்டரிடம் காட்டாமல் எதையும் தொடங்க வேண்டாம். கறுப்பு மணிக்குள் வெள்ளையாக ஏதாவது தெரிந்தாலோ, ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி வெள்ளையாக மின்னினாலோ உடனே போங்கள். அது கண்புரையாக இருக்கலாம், விழித்திரையில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். இரண்டிலும் தாமதம் ஆபத்து. கண் பெரிதாகி, நீர் வடிந்து, வெளிச்சத்தைக் கண்டால் பிள்ளை முகத்தைத் திருப்பினாலும் அப்படித்தான். மூன்று மாதம் முடிந்தும் அம்மாவின் முகத்தைக் கண்ணால் தொடராத குழந்தையையும் காட்ட வேண்டும். கொழும்பில் லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. போகும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளை என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

அறிக்கையில் 6/60 என்று இருந்தால், மற்றவர்கள் 60 மீற்றரில் காண்பதை உங்கள் பிள்ளை 6 மீற்றருக்கு வந்தால்தான் காணும் என்று பொருள். நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும் 6/18 ஐ விடக் குறைவாக இருந்தால் அதைக் குறைபார்வை என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. ஆனால் ஒரே 6/60 உள்ள இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. ஒன்றுக்கு வெளிச்சம் போதாது, மற்றதுக்கு அதே வெளிச்சம் கண்ணைக் குத்தும். அந்த வித்தியாசத்தை எண் சொல்லாது, வீட்டில் இருக்கிற நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: ஒரு கிழமை பார்த்து எழுதுங்கள்

ஒரு கொப்பி எடுங்கள். பிள்ளை எதைக் கண்டது, எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கத்தில், எந்த வெளிச்சத்தில் என்று எழுதிவாருங்கள். ஒரு மாரி பிஸ்கட்டைச் சத்தமில்லாமல் கறுப்புத் துணியில் வையுங்கள். பிறகு அதையே அதன் நிறத்துக்குக் கிட்டிய மர மேசையில் வையுங்கள். எதில் கெதியாக எடுக்கிறது? பிஸ்கட் பக்கற்றைப் பிள்ளைக்கு முன்னால் உடைக்காதீர்கள். சரசரப்புச் சத்தத்துக்குக் கை நீட்டியதைக் கண்டதாக எண்ணிவிடுவோம்.

தலையைச் சரித்துப் பார்க்கிறதா? கண்மணி ஆடிக்கொண்டே இருக்கிற பிள்ளைகள் பலருக்குக் குறிப்பிட்ட ஒரு கோணத்தில் ஆட்டம் குறையும். அந்தக் கோணத்தைப் பிள்ளை தானாகவே பிடித்துவைத்திருக்கும். “தலையை நேரா வை” என்று திருத்தினால், அதுவரை தெரிந்ததும் தெரியாமல் போகும்.

கிட்டப் போய்ப் பார்ப்பதும் அப்படித்தான். 40 சென்ரிமீற்றரில் இருக்கிற படத்தை 20 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் விழித்திரையில் அது இரண்டு மடங்காக விழும். பிள்ளை செய்வது அதைத்தான். கண் கெட்டுப்போகும் என்று அம்மம்மாமார் பயப்படுவார்கள். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடங்களும் அப்படித்தான் நினைத்து, இருக்கிற பார்வையைச் சேமித்துவைக்கச் சொன்னார்கள். 1964 இல் அமெரிக்காவில் நாட்டலி பராகா என்ற ஆசிரியை குறைபார்வைப் பிள்ளைகளுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்து, கண் பரிசோதனையில் வரும் பார்வை அளவு மாறாமலே அவர்கள் பார்வையைப் பாவிக்கும் திறமை கூடியதைக் காட்டினார். ஆகவே, பிள்ளை புத்தகத்தை மூக்கில் முட்டவைத்தாலும் விடுங்கள். கண்புரைச் சத்திரசிகிச்சை செய்த பிள்ளைக்கு மட்டும் கிட்டப் பார்க்கத் தனிக் கண்ணாடி தேவைப்படும். கேட்டு வாங்குங்கள்.

படி 2: வெளிச்சத்தைத் திருத்துங்கள்

பிள்ளையை யன்னலுக்கு முதுகு காட்டி இருத்துங்கள். வெளிச்சம் தோளுக்கு மேலால் வந்து சாமானில் விழ வேண்டும். கடற்கரைப் பக்க ஃபிளாட்களில் மூன்று மணிக்குப் பிறகு மேற்கு யன்னல் வழியே வரும் வெயிலும், அது வெள்ளை ரைல்ஸில் பட்டு எழும்பும் பளபளப்பும் பெரியவர்களுக்கே கூசும். மெல்லிய திரை ஒன்றும் தரையில் ஒரு பாயும் போதும். தோலும் முடியும் வெளிறிப் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தக் கூச்சம் மிக அதிகம். அவர்களுக்கு வெளியில் விளிம்பு வைத்த தொப்பியும், டொக்டர் சொன்னால் நிறக்கண்ணாடியும் வேண்டும்.

படி 3: சாப்பாட்டுத் தட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

வெள்ளைப் பீங்கானில் வெள்ளை இடியப்பம், அதன்மேல் வெள்ளைச் சொதி. இதைக் குறைபார்வையுள்ள பிள்ளைக்கு முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கவனியுங்கள். விரல் முதலில் தட்டின் விளிம்பைத் தடவும். பிறகு நடுவில் இறங்கி, சூடான சொதிக்குள் போய், சட்டென்று பின்வாங்கும். அதன்பிறகு கை மடியிலேயே இருக்கும், வாய் மட்டும் திறக்கும். அம்மா ஊட்டத் தொடங்குவார். நாலு வயதிலும் ஊட்டிக்கொண்டிருக்கிற வீடுகளில் பிள்ளைக்குச் சோம்பல் என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அதற்குத் தட்டுத்தான் தெரியவில்லை.

புறக்கோட்டையில் கடும் நீலத்தில் பளபளப்பில்லாத பிளாஸ்ரிக் தட்டு மலிவாகக் கிடைக்கும். வெள்ளை இடியப்பம், பிட்டு, சோறு அதில். சிவப்பரிசி இடியப்பமும் முருங்கையிலை வறையும் வெள்ளைத் தட்டில். பருப்பு நீலத்தில் பளிச்சென்று தெரியும். எவர்சில்வர் தட்டு வேண்டாம், லைற் வெளிச்சத்தில் அது மின்னி எல்லாவற்றையும் மறைத்துவிடும். தட்டு வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி ஒன்றை விரியுங்கள். சொதியைத் தனிச் சிறு கிண்ணத்தில், எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். பாலைக் கடும் நிறக் கோப்பையிலும் பிளேன்ரீயை வெள்ளைக் கோப்பையிலும் கொடுத்தால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பிள்ளையே பார்க்கும்.

இன்னொன்று. வாழைப்பழத்தை உரித்து வெட்டிக் கொடுத்தே வளர்ந்த பிள்ளைக்கு, பழம் என்றால் கோப்பையில் கிடக்கிற வழவழப்பான துண்டு மட்டும்தான். மற்றப் பிள்ளைகள் குசினியில் சீப்பைத் தூரத்திலிருந்து பார்த்தே அறிந்துகொள்வார்கள். உங்கள் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. சீப்பாகக் கையில் கொடுங்கள், ஒன்றைப் பிய்க்க விடுங்கள், தோலை உரிக்க விடுங்கள், மணக்க விடுங்கள். தேங்காய், முருங்கைக்காய், முட்டை, பாண் எல்லாம் இப்படி முழுதாக ஒருமுறை கைக்கு வரட்டும்.

படி 4: கைக்குழந்தையைக் குப்புறப் போடுங்கள்

பார்வை உள்ள குழந்தை, முன்னால் இருப்பதைப் பார்க்கிற ஆசையில் தலையைத் தூக்கும். நாலைந்து மாதத்தில் கண்டதை எட்டிப் பிடிக்கும். காணாத குழந்தை சத்தத்தை மட்டும் வைத்துக் கை நீட்ட அநேகமாக முதல் வயதின் கடைசிவரை எடுக்கும். அதனால் தவழ்வதும் பிந்தும். அதுவரை மல்லாக்கக் கிடந்து “கரைச்சல் தராத பிள்ளை” என்று பெயர் வாங்கிவிடும். அந்த அமைதியை நம்பி விட்டுவிடாதீர்கள்.

உங்கள் நெஞ்சில் குப்புறப் போட்டு முகத்துக்கு முகம் பேசுங்கள், 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில். நெற்றியில் கறுத்தப் பொட்டோ சிவப்புப் பொட்டோ இருந்தால் பிடித்துப் பார்க்க அதற்கு ஓர் இடம் கிடைக்கும். பேசும்போது குழந்தை அசையாமல் கிடந்தால், விருப்பமில்லை என்று எடுக்க வேண்டாம். அது கூர்ந்து கேட்கிறது. சத்தம் போடும் சாமானைக் கையில் தொடவைத்து, பிறகு கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி ஆட்டுங்கள். சில்லு வைத்த வோக்கரில் இருத்தாதீர்கள், அதில் விழுந்து அடிபடும் ஆபத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு.

படி 5: உங்கள் கை கீழே, பிள்ளையின் கை மேலே

சேட் பொத்தான் போடும்போதும் சவர்க்காரம் தேய்க்கும்போதும் பிள்ளையின் கையை இறுகப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் கை வேலை செய்யட்டும், பிள்ளை தன் கையை அதன்மேல் வைத்து என்ன நடக்கிறது என்று உணரட்டும். வேண்டாமென்றால் கையை எடுத்துக்கொள்ள அதற்கு வழி இருக்க வேண்டும். செருப்புக்கும் துவாய்க்கும் பல்துலக்கும் பிரஷ்ஷுக்கும் மாறாத இடம் ஒதுக்குங்கள். விருந்தாளி வந்தாலும் கதிரையை இடம் மாற்றினால் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

பேசும்போது முதலில் பெயர், பிறகு விஷயம், அதற்குப் பிறகுதான் தொடுவது. “அங்க கிடக்கு, எடு” என்பது அதற்கு உதவாது. “கதிரைக்குக் கீழ, உன்ர வலது காலுக்குக் கிட்ட” என்று சொன்னால் தேடும்.

கண் நன்றாக இருந்தும் பார்க்காத பிள்ளை

பிறக்கும்போது ஒட்சிசன் குறைந்தோ, குறைமாதத்தில் பிறந்தோ, மூளையில் பார்வைக்குரிய பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தாது. இந்தப் பிள்ளைகள் ஒரு நேரம் பார்ப்பார்கள், இன்னொரு நேரம் பார்க்க மாட்டார்கள். பிடிவாதம் என்று ஏசுவது பெரிய அநியாயம். கறுப்புத் துணிக்கு முன்னால் ஒரேயொரு சாமானை, ஒரே நிறத்தில் காட்டுங்கள். பலருக்குச் சிவப்போ மஞ்சளோ பிடிக்கும். மெதுவாக அசையுங்கள். ரீவியை நிறுத்துங்கள், நீங்களும் பேசாதீர்கள். பார்வை திரும்ப அரை நிமிடம்கூட எடுக்கலாம், பொறுத்திருங்கள். பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினால், அது சரி. பார்ப்பதும் தொடுவதும் ஒரே நேரத்தில் அவர்களுக்கு முடிவதில்லை.

படி 6: வெளியே கூட்டிப்போங்கள்

ஃபிளாட் படிக்கட்டில் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். முதலாவதும் கடைசியும் கட்டாயம். கீழ்ப்பக்கப் பார்வை இல்லாத பிள்ளை இறங்கும்போதுதான் விழும், ஏறும்போது அல்ல.

சத்தங்களுக்குப் பெயர் சொல்லுங்கள். கடற்கரை ரயில், காலி வீதி பஸ், பின்னேரம் பாட்டோடு வரும் சூன் பாண் ஓட்டோ. “கிட்ட வருதா, தூரப் போகுதா?” என்று கேளுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு காலிமுகத்திடலுக்குப் போங்கள். தடுக்க ஒன்றுமில்லாத அந்தப் புல்வெளியில் பிள்ளை கையை விட்டு ஓடலாம். வானத்துக்கு எதிரே கறுப்புப் பட்டம் பெரிதாக ஏறும்போது, மரத்தில் இருக்கிற காகத்தைக் காட்டிக் களைத்துப்போன தகப்பனுக்கும் பிள்ளை ஒன்றைத் தானாகப் பார்ப்பது தெரியும்.

படி 7: பரிசோதனைக்கும் முன்பள்ளிக்கும் ஆயத்தம்

எழுத்துத் தெரியாத பிள்ளைகளின் பார்வையை அளக்க, பின்லாந்துக் கண் டொக்டர் லியா ஹுவாரினென் உருவாக்கிய படங்களைப் பல நாடுகளில் பாவிக்கிறார்கள். அப்பிள், வீடு, சதுரம், வட்டம் என நாலே உருவங்கள். தடித்த கறுப்பு மார்க்கரால் இவற்றை மட்டைகளில் வரைந்து, சோடி சேர்க்கிற விளையாட்டாக வீட்டில் விளையாடுங்கள். பரிசோதனைக்குப் போன இடத்தில் பிள்ளை வெட்கப்பட்டுப் பேசாமல் நின்றாலும், சரியான மட்டையைத் தொட்டுக் காட்டிவிடும்.

முன்பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியையிடம் ஒரு தாள் கொடுங்கள். முதற்படியில் எழுதிய கொப்பியிலிருந்து ஐந்தாறு வரி போதும்: “யன்னலுக்கு முதுகு காட்டி, முன்வரிசையில் இருத்துங்கள். படம் தடித்த கறுப்புக் கோட்டில், ஒரு தாளில் ஒன்று. இடது பக்கத்திலிருந்து கொடுத்தால் காணும். தலையைச் சரிப்பதைத் திருத்த வேண்டாம். பெயரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள். கண்ணாடியைக் கழற்றினால், பிடித்த விளையாட்டைத் தொடங்கும் நேரம் பார்த்துத் திரும்பப் போட்டுவிடுங்கள்.” ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் இந்தத் தாளைப் புதிதாக எழுதுங்கள். அதற்குள் கண்ணாடி மாறியிருக்கும், பிள்ளை பார்க்கிற தூரமும் மாறியிருக்கும்.