மஃப்ளர் அப்புறம், முதலில் ஒரு சதுரம்: வீட்டிலிருந்தே பின்னல் பழகலாம்

வீட்டில் கூடுதலாக நேரம் கிடைக்கும்போது என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பின்னல்தான். இரண்டு ஊசி, ஒரு நூல்கண்டு இருந்தால் போதும். இடத்தை அடைக்காது. பத்து நிமிடம் கிடைத்தாலும் இரண்டு வரிசை ஓட்டிவிடலாம்.

ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே மஃப்ளருக்குப் போகிறார்கள். நேராகப் போகிற வேலை, சுலபம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சுலபம்தான், ஆனால் நீளம் ஒன்றரை மீட்டர். முதல் ஒரு சாணில் கை பழகாமல் கோணல்மாணலாக இருக்கும். அந்தக் கோணல் கடைசிவரை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கால்வாசியில் அலுத்துப்போய் அலமாரிக்குள் போய்விடும். அதனால் நான் சொல்லும் வரிசை வேறு: ஒரு பயிற்சிச் சதுரம், ஒரு துடைக்கும் துணி, ஒரு ஜோடி மணிக்கட்டு உறை, அதற்குப் பிறகு மஃப்ளர். ஒவ்வொன்றும் சீக்கிரம் முடியும், ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று புதிதாகக் கைக்கு வரும்.

என்னென்ன வேண்டும்

ஊசி 5 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ஜோடி. மில்லிமீட்டரைப் பார்த்தே வாங்குங்கள். எண்ணை நம்பினால் குழப்பம்தான்: அமெரிக்க அளவில் 5 மில்லிமீட்டர் ஊசி 8ஆம் எண், பழைய பிரிட்டிஷ் அளவில் அதுவே 6ஆம் எண். அமெரிக்க முறையில் எண் கூடினால் ஊசி தடிமனாகும், பிரிட்டிஷ் முறையில் எண் கூடினால் ஊசி மெல்லியதாகும். மூங்கில் அல்லது மர ஊசி தொடக்கத்துக்கு நல்லது. உலோக ஊசியில் கண்ணிகள், அதாவது ஊசியில் வரிசையாக நிற்கும் நூல் வளையங்கள், வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.

நூல் நடுத்தரக் கனத்தில், வெளிர் நிறத்தில், வழவழப்பாக இருக்கட்டும். பல நூல்கண்டுகளின் லேபிளில் நூலின் கனத்தை 0 முதல் 7 வரை ஓர் எண்ணால் குறித்திருப்பார்கள். 4 என்றால் நடுத்தரம். கறுப்பு, கருநீலம் எவ்வளவு பிடித்தாலும் இப்போதைக்கு வேண்டாம், கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. புசுபுசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் அப்படியே. தப்பாகிவிட்டால் பிரிக்கவும் வராது.

இவை தவிர கத்தரிக்கோல், இஞ்ச் டேப், காது பெரிதாகவும் முனை மழுங்கியும் இருக்கும் ஓர் ஊசி, முனையில் கொக்கி உள்ள ஒரு குரோஷே ஊசி. கடைசியில் சொன்னது பின்னுவதற்கு இல்லை, நழுவிய கண்ணியை மீட்பதற்கு.

கண்ணி ஏற்றுதல்

கண்ணி ஏற்றப் பல முறைகள் உண்டு. நான் பரிந்துரைப்பது பின்னியே ஏற்றும் முறை. காரணம், பின்னப்போகும் அதே அசைவுதான் இதிலும். கண்ணி ஏற்றி முடிக்கும்போதே பாதிப் பின்னல் கைக்கு வந்திருக்கும்.

1. நூல் நுனியிலிருந்து ஒரு சாண் விட்டுச் சுருக்கு முடிச்சுப் போட்டு, இடக்கை ஊசியில் மாட்டுங்கள். இதுதான் முதல் கண்ணி. இறுக்கி இழுக்க வேண்டாம், ஊசியில் சற்றே நகர வேண்டும்.
2. வலக்கை ஊசியின் நுனியை அந்தக் கண்ணிக்குள் முன்பக்கமிருந்து பின்பக்கமாக, இடமிருந்து வலமாக நுழையுங்கள். இப்போது இரண்டு ஊசிகளும் குறுக்காக நிற்கும், வலது ஊசி பின்னால் இருக்கும்.
3. கண்டிலிருந்து வரும் நூலை வலது ஊசிக்குப் பின்னால் சுற்றி, இரண்டு ஊசிகளுக்கும் நடுவே முன்பக்கம் கொண்டு வாருங்கள்.
4. அந்த நூலோடு வலது ஊசியின் நுனியைக் கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். வலது ஊசியில் புதுக் கண்ணி ஒன்று வந்திருக்கும்.
5. அந்தப் புதுக் கண்ணியை இடது ஊசியிலேயே மாட்டிவிடுங்கள். இப்போது இரண்டு.

ஒவ்வொரு முறையும் கடைசியாக மாட்டிய கண்ணிக்குள் ஊசியை விட்டு, இப்படியே மொத்தம் 20 கண்ணி ஏற்றுங்கள்.

நிட்: எல்லாவற்றுக்கும் அடிப்படை

மேலே சொன்ன 2, 3, 4 அப்படியே. ஒரே வித்தியாசம், புதுக் கண்ணியை இடது ஊசியில் மாட்டாமல் வலது ஊசியிலேயே விட்டு, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விட வேண்டும். நுழை, சுற்று, இழு, நழுவ விடு. நான்கே அசைவு.

இடது ஊசி காலியானதும் கைமாற்றிப் பிடித்து அடுத்த வரிசை. எல்லா வரிசையும் நிட் போட்டால் கார்ட்டர் என்ற வகைத் துணி கிடைக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேடுமேடாக இருக்கும், ஓரம் சுருளாது. இரண்டு வரிசைக்கு ஒரு மேடு. கார்ட்டரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: எத்தனை கண்ணியோ அத்தனை மேடு வந்தால் துணி ஏறக்குறையச் சதுரமாகிவிடும். 20 கண்ணிக்கு 20 மேடு, அதாவது 40 வரிசை. அளவுகோலே தேவையில்லை. பயிற்சிச் சதுரம் அவ்வளவுதான்.

இந்தச் சதுரத்திலேயே எல்லோருக்கும் வருகிற ஒரு சிக்கல் உண்டு. ஏற்றியது 20, கொஞ்ச நேரம் கழித்து எண்ணினால் 23 இருக்கும். பெரும்பாலும் வரிசையின் முதல் கண்ணிதான் காரணம். ஊசியைக் கைமாற்றியதும் நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருந்தால், முதல் கண்ணி மேலே இழுபட்டு அதன் இரண்டு கால்களும் ஊசியின் மேல் ஏறி நிற்கும். பார்த்தால் இரண்டு கண்ணி மாதிரியே இருக்கும்; நாமும் இரண்டாகவே பின்னிவிடுவோம். வரிசை தொடங்கும்முன் நூலைக் கீழே இழுத்துவிட்டு, ஊசிக்கு அடிப்பக்கமாகவே பின்னால் கொண்டுபோங்கள். கொஞ்ச நாள் ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். பழகிய பிறகு எண்ணாமலே தெரியும்.

கண்ணி மூடுதல்

இரண்டு கண்ணி நிட் போடுங்கள். இடது ஊசியின் நுனியால் முதலாவதை எடுத்து, இரண்டாவதன் மேலாகத் தாண்டவைத்து வெளியே விடுங்கள். வலது ஊசியில் ஒன்று மிஞ்சும். இன்னொன்று நிட் போட்டு, மறுபடி தாண்டவையுங்கள். கடைசியில் ஒரே கண்ணி நிற்கும்போது நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, நுனியை அதன் வழியே இழுத்தால் முடிந்தது. தொங்கும் நூல்களை மொட்டை ஊசியில் கோத்து, துணியின் மேடுகளுக்குள் போகவர ஓட்டிவிட்டு, மிச்சத்தை வெட்டுங்கள்.

மூடும்போது கை தானாக இறுகும். இறுகினால் அந்த ஓரம் மட்டும் சுருங்கி, சதுரம் ஒருபக்கம் குறுகிவிடும். அப்படி வந்தால் மூடும் வரிசைக்கு மட்டும் 6 மில்லிமீட்டர் ஊசியை வலக்கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: மூலைவிட்டத் துடைக்கும் துணி

பருத்தி நூல் 50 கிராம் போதும். துடைக்கிற துணிக்குப் பருத்திதான் சரி, தண்ணீரை உறிஞ்சும். ஆக்ரிலிக் என்ற செயற்கை நூல் அவ்வளவாக உறிஞ்சாது. சூட்டில் உருகும் என்பதால் சூடான பாத்திரம் பிடிக்கவும் உதவாது.

ஒரு மூலையில் தொடங்கி, விரிந்து, மறு மூலையில் குறுகி முடியும் சதுரம் இது.

- 4 கண்ணி ஏற்றி, ஒரு வரிசை நிட் போடுங்கள்.
- அடுத்த வரிசை முதல்: 2 நிட், நூலை ஊசிகளுக்கு நடுவே முன்னால் கொண்டுவந்து, ஊசி மேலாகப் பின்னால் எடுத்துவிட்டு, மீதி எல்லாம் நிட். ஊசி மேல் கிடக்கும் நூலே ஒரு புதுக் கண்ணி. ஒவ்வொரு வரிசையிலும் இதையே செய்யுங்கள். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும், ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் அழகாக வரிசை கட்டும்.
- 44 கண்ணி வந்ததும் திரும்ப வேண்டும். இப்போது ஒவ்வொரு வரிசையும்: 1 நிட், அடுத்த இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்து ஒரு நிட், முன்போலவே நூலை ஊசி மேல் எடுத்தல், மறுபடி இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரு நிட், மீதி நிட். வரிசைக்கு ஒன்று குறையும்.
- 4 கண்ணி மிஞ்சும்போது மூடுங்கள்.

44 என்பது கட்டாயம் இல்லை. நூலில் பாதி தீர்வதற்குச் சற்று முன் திரும்பினாலும் சரியாக முடியும். இதனால்தான் மிச்சம் மீதி நூலைத் தீர்க்க இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

பர்ல்: நிட்டின் மறுபக்கம்

நூல் இப்போது முன்பக்கம் இருக்க வேண்டும். வலது ஊசியைக் கண்ணிக்குள் வலமிருந்து இடமாக நுழையுங்கள். அதன் நுனி இடது ஊசிக்கு முன்னால் நிற்கும். நூலை வலது ஊசி நுனிக்கு மேலாக எடுத்து, இரண்டு ஊசிகளுக்கும் நடுவே இறக்கி, மறுபடி முன்பக்கமே கொண்டு வாருங்கள். நுனியைக் கண்ணி வழியே பின்னால் தள்ளி, பழையதை நழுவ விடுங்கள்.

போட்டிருக்கும் பனியனையோ டி-ஷர்ட்டையோ ஒருமுறை கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் கூரான அடியுடைய சின்னச் சின்னக் கால்கள் ஜோடி ஜோடியாக நேர்க்கோட்டில் அடுக்கியிருக்கும். உள்பக்கம் குறுக்கு மேடுகள். வெளியே தெரிவது நிட், உள்ளே தெரிவது பர்ல். ஒரே கண்ணியின் இரண்டு பக்கங்கள். 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். கையால் போட்டுவந்த இதே கண்ணிகளைத்தான் அதுவும் போட்டது. உங்கள் ஊசியில் இருக்கும் துணியையும் இப்படி உற்றுப் பார்க்கப் பழகுங்கள். கூரான ஜோடி தெரிந்தால் நிட், கழுத்தில் மாலை போட்டதுபோல் குறுக்கே ஒரு மேடு தெரிந்தால் பர்ல். இந்தக் கண் வந்துவிட்டால் எந்த வரிசையில் இருக்கிறோம் என்று குறித்துவைக்கத் தேவையில்லை, துணியே சொல்லிவிடும். பின்னலில் கற்க வேண்டியவற்றில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் பனியன் துணி மாதிரியே வரும். ஆனால் ஓரங்கள் சுருண்டுகொள்ளும். நீங்கள் செய்த தவறு இல்லை, அந்த வகையின் இயல்பே அதுதான். அதனால் தனியாக ஓர் ஓரம் வைக்கத் தெரியும்வரை அதை விட்டுவைப்போம்.

இரண்டாவது வேலை: மணிக்கட்டு உறை

குளிர்காலத்தில் விரல்களை மட்டும் வெளியே விட்டு உள்ளங்கையையும் மணிக்கட்டையும் மூடும் உறை இது. பின்னுவது ஒரு செவ்வகம் மட்டுமே.

36 கண்ணி ஏற்றுங்கள். சிறிய கைக்கு 32, பெரிய கைக்கு 40. எதுவானாலும் நான்கால் வகுபட வேண்டும். எல்லா வரிசையிலும் 2 நிட், 2 பர்ல் என்று கடைசிவரை போங்கள். இதற்கு ரிப் என்று பெயர். இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கிக் கையைக் கவ்விக்கொள்ளும். 18 சென்டிமீட்டர் வந்ததும் மூடி, நீளவாக்கில் மடித்து ஓரத்தைத் தையுங்கள். மேல் விளிம்பிலிருந்து 4 சென்டிமீட்டர் தைத்து, கட்டைவிரலுக்கு 5 சென்டிமீட்டர் விட்டு, மீதியைத் தைத்தால் சரி. அப்புறம் இன்னொன்று.

ரிப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நிட்டிலிருந்து பர்லுக்குப் போகும்போது நூல் ஊசிகளுக்கு நடுவே முன்னால் வர வேண்டும், பர்லிலிருந்து நிட்டுக்கு வரும்போது அதே வழியில் பின்னால் போக வேண்டும். மறந்தால் நூல் ஊசி மேல் ஏறி ஒரு கண்ணி கூடிவிடும், அடியில் ஓட்டையும் விழும். துடைக்கும் துணியில் வேண்டுமென்றே செய்தது இங்கே வேண்டாமல் நடக்கும்.

கண்ணி நழுவினால்

பதற வேண்டாம். உடனே ஒரு ஊக்கை அதில் மாட்டிவிடுங்கள், மேற்கொண்டு இறங்காது. நழுவிய கண்ணிக்கு மேலே ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல்கள் தெரியும். நிட் பக்கத்தை உங்கள் பக்கம் திருப்பி, குரோஷே ஊசியைக் கண்ணிக்குள் முன்னிருந்து விட்டு, முதல் குறுக்கு நூலைக் கொக்கியில் பிடித்து வெளியே இழுங்கள். அடுத்த படி, அடுத்த படி என்று ஏறி, கடைசியில் இடது ஊசியில் மாட்டிவிடுங்கள்.

பாதி வரிசையில் எழுந்து போய்விட்டு வந்தால் எந்தப் பக்கம் தொடர்வது என்று குழப்பம் வரும். கண்டிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலக்கைக்கு.

மூன்றாவது: இப்போது மஃப்ளர்

ஒரு மஃப்ளருக்கு 200 முதல் 250 கிராம் நூல் வாங்குங்கள். லேபிளில் சாய எண் ஒன்று அச்சிட்டிருக்கும். எல்லாக் கண்டிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். ஒரே நிறம் போலத் தெரிந்தாலும் வேறு சாயத் தொகுதி என்றால், பின்னிய பிறகு கோடு போட்டதுபோல் வித்தியாசம் தெரியும்.

31 கண்ணி ஏற்றி, 1 நிட், 1 பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டு நிட்டில் முடியுங்கள். எல்லா வரிசையும் இதேதான். எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் நிட்டுக்கு மேல் பர்லும் பர்லுக்கு மேல் நிட்டும் விழுந்து, பொடிப்பொடி மணிகளாகத் துணி எழும்பும். இதை மாஸ் ஸ்டிச் என்பார்கள். ஓரம் சுருளாது, இரண்டு பக்கமும் ஒரே அழகு. இடையில் சந்தேகம் வந்தால், மேடு தெரியும் கண்ணிக்கு நிட், கூரான ஜோடி தெரியும் கண்ணிக்கு பர்ல். நீளம் அணிபவரின் உயரம் அளவுக்கு இருந்தால் கழுத்தைச் சுற்றித் தொங்கவும் விடலாம். கண்டு தீர்ந்தால் புதியதை வரிசையின் தொடக்கத்தில் இணையுங்கள்.

முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். பிழிந்து முறுக்காமல், ஒரு துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, தட்டையாகப் பரப்பி உலர விடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுவிடும். கம்பளி நூல் என்றால் சுடுதண்ணீரும் கசக்கலும் கூடவே கூடாது. இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து துணி இறுகிவிட்டால் திரும்பப் பழைய நிலைக்கு வராது. ஆக்ரிலிக் என்றால் இஸ்திரிப்பெட்டியை அருகில் கொண்டுபோகாதீர்கள்.