சின்ஹலைட்டைப் பெரிடோட் என்று விற்றுவிடாமல் இருக்க

இலங்கையின் பொகவந்தலாவையிலோ பலாங்கொடையிலோ இல்லம் (கல் கிடைக்கும் சரளை மண்) கழுவும்போது தேன் நிறத்திலோ பச்சை கலந்த பழுப்பிலோ ஒரு கல் வந்தால், கையில் எடுத்தவுடனே பெயர் சொல்லிவிடுவது பழக்கம். முதல் தவறு அதுதான். 1952 வரை வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலேயே சின்ஹலைட், பச்சை இரத்தினமான பெரிடோட்டின் வகையாக எண்ணப்பட்டு 'பழுப்பு பெரிடோட்' என்ற பெயரில் கிடந்தது. எக்ஸ்கதிரில் பார்த்த பிறகுதான் அது மக்னீசியம், அலுமினியம், போரன் சேர்ந்த தனிக் கனிமம் என்று தெரிந்தது.

கீறிப் பார்க்கவே வேண்டாம். இரண்டுக்கும் கடினம் 6.5 முதல் 7 வரைதான். பட்டை கெடும், பதில் வராது.

தண்ணீரில் நிறுப்பது நல்ல வழி, ஆனால் அதிகம் பிழைப்பதும் அங்கேதான். சின்ஹலைட்டின் சாரடர்த்தி (அதே அளவு தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது) ஏறக்குறைய 3.48, பெரிடோட்டுடையது 3.34. 5 கரட் கல்லைத் தண்ணீருக்குள் நிறுத்தால் முன்னது 1.44 கரட் குறையும், பின்னது 1.50. வித்தியாசம் வெறும் 0.06. கல்லில் 2 மில்லிமீற்றர் காற்றுக்குமிழி ஒன்று ஒட்டினாலே 0.02 கரட் கூடுதலாகக் குறைந்துகாட்டும். மூன்று ஒட்டினால் சின்ஹலைட் பெரிடோட் ஆகிவிடும்! கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, கல்லைத் தூரிகையால் தடவிவிட்டு நிறுங்கள். 1 கரட் கல்லுக்கு இந்த வேலையே வீண்: 0.29, 0.30 என்ற இரண்டு குறைவுகளையும் சாதாரணக் கரட் தராசு நம்பும்படி பிரிக்காது.

சின்னக் கல்லுக்கு, ஒளி கல்லுக்குள் எவ்வளவு வளைகிறது என்பதை எண்ணாகக் காட்டும் முறிவுமானிதான். ஒரே ஒரு வாசிப்போடு நிறுத்திவிடாதீர்கள், 1.67 இரண்டு கல்லிலும் வரும். முனைவாக்கி வடியை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடியை) போட்டு, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக 180 பாகை திருப்பி, மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் எழுதுங்கள். சின்ஹலைட்டுக்கு அது சுமார் 1.67, 1.71. பெரிடோட்டுக்கு 1.65, 1.69. இரண்டின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் இடைவெளியை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். அளவுகோலில் வாசிப்பைக் காட்டும் நிழற்கோடே தெரியாவிட்டால் சிர்கோன் என்ற வேறு கல்லாக இருக்கலாம்.

நுவரெலியாவில் தை மாதக் குளிரில் இன்னொரு தொல்லை. கல்லுக்கும் முறிவுமானிக்கும் இடையே விடும் தொடுதிரவத்தில் உள்ள டைஅயடோமீதேன் 6 பாகை செல்சியஸ் அளவில் உறையும். போத்தலைக் கொஞ்ச நேரம் சட்டைப்பையில் வைத்துவிட்டு எடுங்கள்.

இன்னும் சந்தேகமென்றால், கல் வழியே வரும் ஒளியை நிறங்களாகப் பிரித்து, கல் உறிஞ்சிய இடங்களைக் கருங்கோடுகளாகக் காட்டும் நிறமாலைகாட்டி. நீலப் பகுதியில் 463 நனோமீற்றரில் ஒரு கோடு இருந்தால் அது சின்ஹலைட். பெரிடோட்டில் அந்தக் கோடு கிடையாது. வெளிறிய கல்லில் கோடுகள் மங்கலாக இருக்கும், ஆகவே தடித்த பக்கத்தால் ஒளியை விடுங்கள்.