உப்பும் மிளகும் போட்ட குகெல் எங்கே கெடுகிறது?

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களில் பண்டிகை விருந்து என்றால் குகெல் வேண்டும். முட்டை நூடுல்ஸை வேகவைத்து, முட்டையும் எண்ணெயும் கலந்து ஓவனில் சுடுவார்கள். பாலாடைக்கட்டியும் உலர்திராட்சையும் சேர்த்த இனிப்பு வகையும் உண்டு. நான் சொல்லப்போவது வெங்காயமும் மிளகும் போட்ட கார வகையை.

இதில் பெரிய தவறு அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே நடந்துவிடுகிறது. ரோஷ் ஹஷானா எனும் யூதப் புத்தாண்டு விருந்தில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். கோஷர் எனும் யூத உணவு விதிப்படி இறைச்சியோடு பால் சேரக்கூடாது. மணத்துக்காக ஒரு கரண்டி வெண்ணெய் விட்டால்கூடப் போச்சு, அந்த மேசையில் அதை வைக்க முடியாது. எண்ணெய் மட்டும் என்றால் அது ‘பார்வெ’, அதாவது பால் வகையும் இல்லை, இறைச்சி வகையும் இல்லை; எந்தச் சாப்பாட்டோடும் சேரும். ஷ்மால்ட்ஸ், அதாவது உருக்கிய கோழிக் கொழுப்பு, எண்ணெயை விட ருசிதான். ஆனால் அதைப் போட்டால் குகெல் இறைச்சி வகையில் சேர்ந்துவிடும். இன்னொருவர் வீட்டுக்குச் செய்து எடுத்துப்போவதாக இருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள். விதியைக் கறாராகக் கடைப்பிடிப்பவர்கள் பாத்திரமும் கோஷராக இருக்க வேண்டும் என்பார்கள். பெசாக் எனும் பாஸ்கா பண்டிகைக்கோ கோதுமை நூடுல்ஸே ஆகாது, அப்போது உருளைக்கிழங்கு குகெல்தான்.

சரி, சமையலுக்கு வருவோம். 350 கிராம் நூடுல்ஸுக்கு மூன்று பெரிய வெங்காயம், ஐந்தாறு முட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலர் அவசரப்படுவது வெங்காயத்தில். பொன்னிறம் வந்ததும் இறக்கிவிடுகிறார்கள், அது போதாது. சிறு தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் வதக்கி, நல்ல பழுப்பு நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்தப் பண்டத்துக்கு ருசி வருவதே அங்கிருந்துதான்.

நூடுல்ஸை முழுப் பதத்துக்கு வேகவிடாதீர்கள், ஓவனில் இன்னும் வேகும். வடித்ததும் எண்ணெயும் வெங்காயமும் கலந்து ஆறவிடுங்கள். சூட்டோடு முட்டையை ஊற்றினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். உப்பு, மிளகை முட்டைக்கு முன்பே போட்டு ருசி பாருங்கள். உப்பு சற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும், முட்டை சேர்ந்ததும் மட்டுப்படும். முட்டையை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்ப்பது கோஷர் சமையலறைப் பழக்கம். ரத்தப் புள்ளி இருந்தால் அந்த முட்டையை ஒதுக்கிவிடுவார்கள்.

தட்டில் எண்ணெய் விட்டு, ஓவனில் காயவைத்த பிறகே கலவையைக் கொட்டுங்கள். 180 டிகிரியில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மூடி போட வேண்டாம், போட்டால் மேலே மொறுமொறுப்பு வராது. சுட்டதும் கால் மணி நேரமாவது பொறுக்காமல் வெட்டினால் உதிர்ந்துவிடும்.

எருசலேம் குகெல் வேறு கதை. மெல்லிய நூடுல்ஸில் கருக்கிய சர்க்கரைப் பாகும் நிறைய மிளகும் சேரும். இங்கே ஆறிய நூடுல்ஸ்தான் எதிரி: பாகு பட்டதும் கட்டி கட்டியாக இறுகிவிடும். நூடுல்ஸ் சூடாக இருக்கும்போதே பாகைக் கலந்து, ஆறிய பிறகு முட்டையை ஊற்ற வேண்டும். இதற்குத் தொட்டுக்கொள்ள வெள்ளரி ஊறுகாய் வைப்பது வழக்கம். புத்தாண்டு மேசைக்கு மட்டும் அதை எடுத்துவராதீர்கள். ஆண்டு இனிப்பாகத் தொடங்க வேண்டும் என்று அன்று பலர் புளிப்பைத் தொடுவதில்லை.