பாண்டியில் இரண்டு நாள் தங்க நல்ல சொகுசு ஹோட்டல் பார்ப்பது எப்படி?

எங்கள் வீடு கடலூரில். புதுச்சேரி சுமார் 20 கிலோமீட்டர்தான் என்பதால், சொந்தபந்தம் யார் பாண்டிக்குக் கிளம்பினாலும் "நீதான் பக்கத்துல இருக்கே, நல்ல ஹோட்டலா பார்த்துச் சொல்லேன்" என்று எனக்குப் போன் வரும். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நானே பட்ட பாட்டில்தான் இதையெல்லாம் கற்றேன்.

வளைவுகள் வைத்த வெள்ளைச் சுவர், வாசலில் காகிதப்பூக் கொடி என்று படங்களைப் பார்த்து மயங்கி, பழைய பிரெஞ்சு வீடு ஒன்றில் இரண்டு இரவுக்குப் பணம் கட்டினேன். எங்களுக்குக் கிடைத்த அறை இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. மரப்படிகள், ஒவ்வொன்றும் ஒரு முழம் உயரம் போலத் தெரிந்தது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். முட்டிவலிக்கார அம்மா அதை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். மறுநாள் காலை கீழே டிபனுக்குக் கூப்பிட்டபோது "எனக்குப் பசிக்கல, நீங்க போங்க" என்றார். பசிக்காமல் இல்லை என்று எனக்குத் தெரியும். போன் போட்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை.

படி 1: யார் போகிறீர்கள்?

வயதானவர்களா, கைக்குழந்தையா, புதுமணத் தம்பதியா? முதலில் இதை எழுதி வையுங்கள். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வரும்.

படி 2: ஊரில் எந்தப் பகுதி?

ஹோட்டல் பெயரைத் தேடும் முன் பகுதியை முடிவு செய்யுங்கள். புதுச்சேரியில் இதுதான் பாதி வேலை.

பெரிய வாய்க்காலுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒயிட் டவுன், அதாவது பழைய பிரெஞ்சுப் பகுதி. துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, புஸ்சி வீதி எல்லாம் இங்கேதான். லே துப்ளே, பலே தெ மாஹே, வில்லா சாந்தி போன்ற பெயர்பெற்ற ஹோட்டல்களும் இந்தப் பக்கம்தான். மணக்குள விநாயகர் கோயில், அரவிந்தர் ஆசிரமம், பாரதி பூங்கா எல்லாம் நடை தூரம். அழகாக உடுத்திக்கொண்டு, காலாற நடந்து, நல்ல காபி குடித்து வர இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி விட மாட்டார்கள். அந்தச் சாலையிலேயே தங்குவதென்றால், இரவில் பெட்டியோடு எந்த வழியாக வருவது என்று கேட்டு வையுங்கள்.

வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி. திண்ணை, தூண் வைத்த தாழ்வாரம், நடுவில் முற்றம் என்று நம் பழைய வீடுகளையே ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். பெருமாள் கோயில் வீதியில் இருக்கும் மேசோன் பெருமாள் அப்படி ஒன்று. பாண்டி என்றாலே பிரெஞ்சு என்று எல்லோரும் கிழக்கே ஓடுகிறார்கள். எனக்கு இந்தப் பகுதிதான் பிடிக்கும். மழை பெய்யும்போது முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

நீச்சல் குளம், பெரிய தோட்டம், கார் நிறுத்த இடம் வேண்டுமென்றால் அரியாங்குப்பம் பக்கமோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ இருக்கும் ரிசார்ட்டுகள் சரி. குழந்தைகளுக்கு இது நல்லது. ஊருக்குள் வர ஒவ்வொரு முறையும் வண்டி எடுக்க வேண்டும்.

ஒரு விஷயம்: கடற்கரைச் சாலை ஓரம் பெரும்பாலும் கருங்கற்கள்தான். "கடல் பார்த்த அறை" என்றால் பார்க்கலாம், அவ்வளவுதான். இறங்கிக் குளிக்கும் இடம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 3: தேதி

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கூட்டம் வருவது சனி, ஞாயிறில். முடிந்தால் செவ்வாய், புதன் பாருங்கள், வாடகை இறங்கும். புத்தாண்டையும், அரவிந்தர் பிறந்தநாளும் சேர்ந்து வரும் ஆகஸ்ட் 15-ஐயும் ஒட்டி அறை கிடைப்பது கஷ்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயலும் வரலாம். அந்த மாதங்களில் பணம் திரும்பக் கிடைக்கும்படி மட்டுமே புக் செய்யுங்கள்.

படி 4: நட்சத்திரம்

ஐந்து நட்சத்திரம் என்பது வசதிகளின் கணக்கு. மத்திய சுற்றுலா அமைச்சகம் 1950-க்கு முன் கட்டிய மாளிகைகளுக்கு ஹெரிடேஜ் என்று தனி வகையே வைத்திருக்கிறது. அதனால் நட்சத்திரம் இல்லாத பழைய வீடு மட்டம் என்று ஒதுக்க வேண்டாம்.

படி 5: போன் போடுங்கள்

ஆப்பில் எல்லாம் பார்த்தாகிவிட்டது, அப்புறம் எதற்குப் போன் என்று தோன்றும். ஒரே கட்டடத்தில் பத்து அறை இருந்தால் பத்தும் பத்து விதம், பழைய வீடுகளில் இது சகஜம். ரிசப்ஷனில் இப்படிக் கேளுங்கள்: "எங்களுக்குக் கொடுக்கப்போற அறை எந்த மாடி? லிஃப்ட் உண்டா? ஜன்னலைத் திறந்தா என்ன தெரியும்? கரண்ட் போனா ஏ.சி. ஓடுமா? அந்த அறையையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா?"

தயங்காமல் அனுப்புகிறவர்களை நம்பலாம். "எல்லாம் நல்லா இருக்கும் மேடம்" என்று மழுப்பினால் அடுத்த ஹோட்டலைப் பாருங்கள். விமர்சனங்களில் சமீபத்தியதையும், மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதையும் படியுங்கள். குளியலறை, சத்தம், வெந்நீர் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறவர்கள் அவர்கள்தான்.

படி 6: வாடகையும் வரியும்

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு மொத்தம் 7,875. 8,000 ரூபாய் அறைக்கு 9,440. வாடகையில் 500 கூடினால் கையிலிருந்து 1,565 கூடுதலாகப் போகிறது! எல்லைக்கு அருகில் இருக்கும் அறை என்றால் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. காலை டிபன் சேர்ந்ததா, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

படி 7: போய் இறங்கியதும்

பெட்டியைப் பிரிக்கும் முன் குழாயைத் திறந்து பாருங்கள், ஏ.சி.யைப் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள். குறை இருந்தால் அப்போதே வேறு அறை கேளுங்கள். ஒரு இரவு தங்கிவிட்டுக் கேட்டால் கிடைக்காது.

போன தை மாதம் அம்மாவை மறுபடி அழைத்துப் போனேன். போனில் கேட்டு, போட்டோ பார்த்து எடுத்த அறை, தரைத்தளம், வாசலுக்கு இரண்டே படி. காலை நான் எழுந்தபோது படுக்கையில் ஆள் இல்லை. ஏழரைக்கு வண்டிகளை விடுவதற்குள் காந்தி சிலை வரை தனியாக நடந்துபோய்விட்டு வந்து, தாழ்வாரத்தில் உட்கார்ந்து இரண்டாவது காபி கேட்டுக்கொண்டிருந்தார்.