தி ஹர்ட் லாக்கர்: வீட்ல உக்காந்து சரியா பாக்குறது எப்படி

பாம் டிஃப்யூஸ் பண்ற படம்னு சொன்னாலே நம்ம ஆளுங்க மனசுல ஒரு சீன் ரெடியா ஓடும், செவப்பு ஒயரா நீல ஒயரா, டைமர்ல மூணு செகண்ட், ஹீரோ நெத்தியில வேர்வை, கடைசி செகண்ட்ல கட். அத எதிர்பாத்து தி ஹர்ட் லாக்கர் போட்டீங்கன்னா அரை மணி நேரத்துல வீட்ல பாதி பேரு போன எடுத்துருவாங்க. இந்த படத்துக்கு கொஞ்சம் தயாராகி உக்காரணும். அதுவும் நம்ம சிங்கப்பூர் தமிழ் வீடுகள்ல என்எஸ், அதாவது கட்டாய ராணுவ சேவை, முடிச்ச பையன், இல்ல இப்ப உள்ள இருக்குற பையன் ஒருத்தனாவது இருப்பான், அவனும் அப்பா அம்மாவும் ஒரே சோபால உக்காந்து பாக்க வேண்டிய படம்னு நான் உறுதியா நம்புறேன், அதான் இவ்ளோ விளக்கமா எழுதுறேன்.

மொதல்ல அடிப்படை விஷயம். கதை நடக்குறது 2004-ல பாக்தாத்ல. ரோட்டோரம், குப்பையில, கார் டிக்கியில மறைச்சு வெச்ச குண்டுகள எடுக்குற அமெரிக்க ஆர்மி டீம், மூணே பேரு. கதை எழுதுன மார்க் போல் ஒரு பத்திரிகைக்காரர், அந்த மாதிரி டீம் கூடவே ஈராக்ல இருந்து பாத்தவரு. டைரக்டர் கேத்ரின் பிக்லோ. 2008-ல வெனிஸ் விழாவுல காட்டுனாங்க, 2010 மார்ச்ல ஆஸ்கர்ல அவதாரையே தாண்டி சிறந்த படம் உட்பட 6 விருது, டைரக்‌ஷனுக்கு ஆஸ்கர் வாங்குன மொத பொண்ணு இவங்கதான். இந்த 6-ல ரெண்டு சத்தத்துக்கு குடுத்தது. இத ஞாபகம் வெச்சுக்கோங்க, ஏன்னா அடுத்து சொல்ல போறதே அதான்.

சத்தத்த சரி பண்ணாம படத்த ஆரம்பிக்காதீங்க. டிவி ஸ்பீக்கர்ல, ஃபேன் ஃபுல் ஸ்பீட்ல ஓட, கீழ கார்பார்க்ல யாரோ ஹார்ன் அடிக்க, அப்படி பாத்தா பாதி படம் போச்சு. சவுண்ட்பார் இருந்தா நல்லது, இல்லன்னா தனியா ஹெட்ஃபோன் போட்டு பாக்குறதே மேல், ராத்திரில பக்கத்து வீட்டுக்கும் தொல்ல இல்ல. படம் ரொம்ப நேரம் அமைதியா இருக்கும், அந்த அமைதிக்குள்ள பாம் சூட்டுக்குள்ள ஒருத்தன் மூச்சு விடுற சத்தம், கால் கல்லுல உரசுற சத்தம், தூரத்துல ஒரு கடை ஷட்டர், எங்கயோ ஒரு ஆடு. பயம் அங்கேந்துதான் வருது, பின்னணி இசையிலேந்து இல்ல. 131 நிமிஷம் ஓடும், சாப்பாட்ட முன்னாடியே முடிச்சுருங்க, நடுவுல நிறுத்தி தே தாரிக் போட போனா அந்த இறுக்கம் அறுந்துரும். இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டுக்கோங்க, ஆர்மி பேச்சு வேகமா போகும். ஆனா அரபில பேசுறது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு இல்லாமதான் வரும், அது கோளாறு இல்ல. எதிர்ல நிக்கிறவன் உதவி கேக்குறானா மிரட்டுறானான்னு அந்த சிப்பாய்க்கும் தெரியல, உங்களுக்கும் தெரியாது, அப்படியே விட்டுருங்க.

இப்ப எப்படி பாக்குறதுங்குற முக்கியமான இடம். ஒவ்வொரு பாம் சீன்லயும் மூணு கேள்விய மனசுல வெச்சுக்கோங்க, குண்டு எங்க இருக்கு, நம்ம ஆளு அதுலேந்து எவ்ளோ தூரத்துல இருக்கான், சுத்தி நின்னு யாரு பாத்துட்டு இருக்கா. ஒயர விட்டுருங்க. இந்த படமே தூரத்த பத்தினதுதான்.

மொத சீன வெச்சே சொல்றேன், கதைய உடைக்கிறதா நெனைக்காதீங்க, ஏன்னா இத புரிஞ்சு பாத்தாதான் மிச்சம் புரியும். ரோபோவ அனுப்புறாங்க, அது இழுத்துட்டு போற குட்டி வண்டியோட சக்கரம் கழண்டு போகுது. அவ்ளோதான், ஒரு சக்கரம். அதனால ஒரு மனுஷன் கனமான சூட்ட போட்டுட்டு நேர்ல நடந்து போக வேண்டியதா போகுது. போற வழியில கூட நிக்கிறவங்க ஜோக் அடிச்சுட்டு இருப்பாங்க, நீங்களும் சிரிப்பீங்க. அவரு வேலைய முடிச்சு திரும்புறப்ப கறிக்கடை வாசல்ல ஒருத்தன் கையில போன். அவன் யாருக்கோ பேச போறானா, வெடிக்க வைக்க போறானா? சுடுறதா வேணாமா? டீம்ல இருக்குற இளம் சிப்பாய் எல்ட்ரிட்ஜ் கத்திட்டே ஓடுறான், முடிவு எடுக்குறதுக்குள்ள முடிஞ்சுருது. வெடிக்கிறப்ப தீய பாக்காதீங்க, தரைய பாருங்க. ஹை ஸ்பீட் கேமராவுல எடுத்த ஷாட், சின்ன கல்லெல்லாம் தரைய விட்டு அப்படியே எழும்பும், பக்கத்துல கெடக்குற பழைய காரோட மேல் தகட்டுலேந்து துரு ஒரு ஏடா கெளம்பி காத்துல நிக்கும். சினிமாவுல நாம பாத்து பழகுன ஆரஞ்சு தீப்பந்து ஆள கொல்றது கம்மி, காத்தழுத்த அலையும் தெறிக்கிற துண்டுகளும்தான் கொல்லுது, அந்த அலைய கண்ணால பாக்க வெச்ச ஷாட் இது. தூரம் போதலன்னா அவ்ளோ கனமான சூட்டும் காப்பாத்தாதுன்னு பத்தே நிமிஷத்துல புரிய வெச்சுர்றாங்க.

அதுக்கப்புறம் அந்த எடத்துக்கு டீமோட புது லீடரா ஜெரமி ரென்னர் நடிச்ச ஜேம்ஸ் வர்றான். அவன் ரோபோவ அனுப்ப மாட்டான், புகை குண்ட போட்டுட்டு நேரா நடந்து போவான். சில பேரு இவன் ஹீரோன்னு விசில் அடிப்பாங்க, பொறுங்க. அவன விட்டுட்டு டீம்ல மிச்சம் இருக்குற சான்பார்ன், எல்ட்ரிட்ஜ் ரெண்டு பேரு முகத்த பாருங்க. ஒருத்தன் குனிஞ்சு வேல பாக்குறப்ப, மொட்டைமாடி, ஜன்னல், பால்கனின்னு எல்லா பக்கமும் கண்ணு வெச்சு நிக்கிறது அவங்கதான், எங்கேந்து தோட்டா வரும்னு தெரியாம. ஜேம்ஸோட தைரியத்துக்கு அவங்க குடுக்குற வெல என்னன்னு அங்க தெரியும். கேமராவும் அப்படித்தான், ஒளிப்பதிவாளர் பாரி ஆக்ராய்ட் ஒரே நேரத்துல பல கேமராவ கையில புடிச்சு வேற வேற மூலையிலேந்து எடுத்திருக்காரு. ஏன் திடீர்னு ஜூம் ஆகுது, ஆடுதுன்னு எரிச்சல் ஆகாதீங்க, யாரோ மறைஞ்சு நின்னு பாக்குற பார்வை அது.

பாலைவனத்துல ஒரு நீளமான ஸ்னைப்பர் சீன் வரும். நெறைய பேரு போர் அடிக்குதுன்னு தள்ளி விடுற இடம், எனக்கு படத்துலயே இதுக்கு மேல ஒரு சீன் கெடையாது. வெயில்ல படுத்தே கெடப்பாங்க, ஈ வந்து முகத்துல உக்காரும், தட்டி விட முடியாது. தோட்டாவுல ரத்தம் ஒட்டி துப்பாக்கி ஜாம் ஆகும், எச்சில் துப்பி தொடைக்க சொல்லுவாங்க. ஜேம்ஸ் ஒரு ஜூஸ் பாக்கெட்ட பிரிச்சு, தான் குடிக்காம, குறி பாத்துட்டு இருக்குற சான்பார்ன் வாயில ஸ்ட்ராவ வைப்பான். அதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் ஆகாது. ஒரு வார்த்த மன்னிப்பு இல்லாம அந்த ஒரு ஸ்ட்ரால விஷயம் மாறிடும். காட்டுல ட்ரெய்னிங்ல தண்ணிய பங்கு போட்டு குடிச்ச பசங்களுக்கு இத யாரும் விளக்க வேணாம்.

இன்னொன்னு, திரையில நாள் கணக்கு வரும், இந்த ஆர்மி கம்பெனி கெளம்ப இன்னும் 38 நாள்னு ஆரம்பிச்சு கொறைஞ்சுட்டே வரும். ஓஆர்டி, அதாவது என்எஸ் முடியுற தேதிய போன்ல கவுன்ட்டவுன் போட்டு வெச்சிருக்குற பசங்க நம்ம வீட்லயே இருக்காங்க, அவங்களுக்கு அந்த எழுத்து வர்றப்பல்லாம் வயித்துல ஏதோ பண்ணும். ஜேம்ஸ் மட்டும் அந்த நாள எண்ண மாட்டான். அது ஏன்னு கவனிச்சுட்டே வாங்க, கடைசியில சூப்பர்மார்க்கெட்ல கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரி காலை சாப்பாட்டு சீரியல் டப்பா அடுக்குன வரிசைக்கு முன்னாடி அவன் நிக்கிறப்ப பதில் கெடைக்கும்.

படம் முடிஞ்சதும் வீட்ல ஒரு மாமா கண்டிப்பா சொல்லுவாரு, நெஜத்துல இப்படியெல்லாம் நடக்காதுன்னு. அவரு சொல்றது சரிதான், ஒத்துக்கோங்க. அந்த வேல பாத்த அமெரிக்க வீரர்களே நெறைய பேரு குறை சொன்னாங்க, மூணு பேரு தனியா வண்டிய எடுத்துட்டு ஊர் சுத்த மாட்டாங்க, சூட்ட கழட்டி வீச மாட்டாங்க, யூனிஃபார்ம் கூட 2004-ல அது இல்லன்னு. நெஜ வேல எப்படி இருக்கும்னு காட்ட நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 2023 செப்டம்பர்ல அப்பர் புக்கிட் தீமா ரோட்ல கட்டுமான இடத்துல ரெண்டாம் உலகப்போர் காலத்து 100 கிலோ குண்டு ஒன்னு கெடைச்சுது. நகத்துனா ஆபத்துன்னு முடிவு பண்ணி, சுத்தி 4,000 பேருக்கு மேல வெளிய அனுப்பி, ரோட்ட மூடி, செப்டம்பர் 26-ந்தேதி எஸ்ஏஎஃப், அதாவது சிங்கப்பூர் ராணுவ ஆளுங்க அங்கேயே வெடிக்க வெச்சாங்க. யாரும் ஓடல, யாரும் ஒயர கட் பண்ணல. தூரத்த கூட்டிக்கிட்டே போறதுதான் அந்த வேல, ஜேம்ஸ் பண்றது அதுக்கு நேர் எதிர். இத முன்னாடியே தெரிஞ்சு பாத்தா அவன்கிட்ட என்ன கோளாறுன்னு இன்னும் தெளிவா தெரியும். அதே போல துரு புடிச்ச ஷெல் மாதிரி எதையாவது மண்ணுல பாத்தா தொடாதீங்க, ஃபோட்டோ எடுக்க கிட்ட போகாதீங்க, தள்ளி வந்து 999 அடிங்க.

எனக்கு படத்து மேல ஒரு மனக்குறை உண்டு, சொல்லிடுறேன். ஈராக் மக்கள் பெரும்பாலும் ஜன்னல்ல நிக்கிற உருவமாதான் வர்றாங்க. ஷூட்டிங் ஜோர்டான்ல நடந்துச்சு, ஈராக்லேந்து அகதியா வந்தவங்களும் நடிச்சிருக்காங்க, கடைசி பக்கம் உடம்புல குண்ட பூட்டு போட்டு மாட்டிவிட்ட ஒருத்தர் கெஞ்சுவாரு பாருங்க, அவரு முகத்த மட்டும் தயவுசெஞ்சு பாத்துட்டே இருங்க, அங்கேந்து கண்ண எடுத்துறாதீங்க.

சின்ன பிள்ளைங்கள கூட வெச்சுக்காதீங்க, ஒரு பையனோட உடம்பு சம்பந்தமான சீன் பெரியவங்களுக்கே தாங்காது. மகன் இப்ப என்எஸ்ல இருக்குற அம்மாவுக்கும் அந்த சீன் வருதுன்னு முன்னாடியே சொல்லி வெச்சுருங்க, வேணும்னா எழுந்து போயிட்டு வரட்டும். ரெண்டாவது தடவ பாக்குறவங்க, மொத சீன்ல போன் வெச்சிருக்குறவன எந்த செகண்ட்ல கேமரா மொதல்ல காட்டுதுன்னு மட்டும் தேடி பாருங்க.